உச்சந்தலையில் தட்டினால் கடலை வெளியே வராது

ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது வாரம். ஒன்றே முக்கால் வயதுச் சிறுவனைத் தூக்கிக்கொண்டு அம்மா, அப்பா, இரண்டு பாட்டிகள், ஒரு தாத்தா என்று குடும்பமே வந்திருந்தது. மூன்று வாரமாக இருமல், இளைப்பு. இரண்டு முறை மருந்து மாற்றியாகிவிட்டது. ஒரு வாரம் நெபுலைசர் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் அனுப்பிய குழந்தைகள் மருத்துவர் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: வலது பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு.

"எதையாவது தின்னும்போது புரையேறியதா?" என்று கேட்டேன். ஐந்து பேரும் இல்லை என்றார்கள். கேள்வியை மாற்றினேன். "பூஜைக்குப் பொரி கடலை வாங்கினீர்களா?"

தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "அன்றைக்குச் சாயங்காலம் என் மடியில் உட்கார்ந்து தின்றான். திடீரென்று புரையேறி முகமெல்லாம் சிவந்துவிட்டது. உச்சியில் தட்டினேன், தண்ணீர் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது டாக்டர். அப்புறம் வாழைப்பழம் கூடத் தின்றான்."

சரியாகவில்லை. மறுநாள் காலையில் மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்தி, வலது கிளையில் கிடந்த அரைக் கடலையை எடுத்தோம். ஊறி உப்பி, இடுக்கி பட்டாலே உதிர்ந்துவிடும் பதத்தில் இருந்தது. அன்றைக்கே வந்திருந்தால் ஒரே பிடியில் வந்திருக்கும்; இப்போது துணுக்குத் துணுக்காக எடுக்க வேண்டியதாயிற்று. மயக்க மருத்துவர் மூச்சுக் கொடுக்கும் அதே வழியில்தான் என் இடுக்கியும் போக வேண்டும். அந்த நிமிடங்களில் அறையில் யாரும் பேசுவதில்லை.

இந்தப் பருவத்தில் எனக்கு இது முதல் கடலை இல்லை. நவராத்திரிச் சுண்டலில் தொடங்கிப் பொங்கல் வரை வந்துகொண்டேதான் இருக்கும். வருகிற ஒவ்வொரு வீட்டிலும் நான் கேட்கும் சொல் அந்தச் "சரியாகிவிட்டது". அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இருமல் நின்றதால் கடலை போய்விட்டது என்று நம்புகிறீர்கள். மூச்சுக்குழாயின் வாசலில் எதுவாவது பட்டால் உடம்பு பயங்கரமாக இருமும். அந்தப் பொருள் இன்னும் கீழே இறங்கி ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டால், அந்த இடம் சிறிது நேரத்தில் அதற்குப் பழகிவிடும். இருமல் அடங்கும். குழந்தை சிரிக்கும், ஓடும், தூங்கும். இந்த அமைதி சில மணி நேரம் இருக்கலாம், சில வாரங்களும் இருக்கலாம். கடலை அங்கேயேதான் இருக்கும். அதன் எண்ணெய் பட்டுச் சுற்றிலும் வீங்கும், சளி தேங்கும், காய்ச்சல் வரும். அப்போது நீங்கள் அதைச் சளிக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவீர்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த ஐந்து நிமிடம் யார் நினைவுக்கும் வராது.

வாழைப்பழம் தின்றானே, தண்ணீர் குடித்தானே என்பீர்கள். உணவு போகிற குழாய் வேறு, காற்று போகிற குழாய் வேறு. கடலை கிடப்பது காற்றுக் குழாயில். வாழைப்பழம் அந்தப் பக்கமே போகாது, போகவும் கூடாது. குழந்தை ஒரு சீப்புப் பழம் தின்றாலும், மூச்சுக்குழாயில் ஒன்றுமில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. புரையேறியதை இறக்குவதற்காகச் சோற்று உருண்டையையும் பழத்தையும் வாயில் திணிப்பதை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நிறுத்துங்கள்.

எக்ஸ்ரேயில் நாணயம் தெரியும், ஆணி தெரியும். கடலை தெரியாது. படம் சுத்தமாக இருந்தாலும், புரையேறிய கதை உறுதியாக இருந்தால் நாங்கள் உள்ளே பார்க்கத்தான் செய்வோம்.

புரையேறினால் யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்பது நம் வீட்டுப் பேச்சு. பெரியவர்களுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்ளுங்கள். குழந்தை தின்றுகொண்டிருக்கும்போதோ விளையாடும்போதோ திடீரென்று புரையேறி மூச்சுத் திணறினால், யார் நினைக்கிறார்கள் என்று யோசிக்காமல் வாயில் என்ன இருந்தது என்று பாருங்கள். இருமல் அடங்கிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சொல்லாமல் விடுவதற்கு மறதி மட்டும் காரணமில்லை. யார் கையில் குழந்தை இருந்ததோ அவர் மேல் பழி வரும் என்ற பயம். மாமியார் கொடுத்த கடலை என்றால் மருமகளின் முகம் மாறும். மருமகள் பார்க்காமல் விட்டாள் என்றால் ஊரெல்லாம் பேச்சாகும். அன்றைக்கும் அறையை விட்டு வெளியே வந்ததும் அந்தத் தாத்தாவை மகன் கடிந்துகொண்டார். நான் மகனைத் தனியாக அழைத்துச் சொன்னேன்: "அவர் வாய் திறந்ததால்தான் உங்கள் பிள்ளைக்கு நாளைக்குச் சிகிச்சை. இன்றைக்கு அவரைத் திட்டினால் அடுத்த முறை உங்கள் வீட்டில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்."

தாத்தாவின் மேல் எனக்குக் கோபமில்லை. தட்டுத் தடுமாறி நடந்து வந்து, தாத்தா கையில் இருப்பதைத் தனக்கும் கேட்டு வாங்கி, தான் கடித்த மிச்சத்தை அவர் வாயிலும் ஊட்டிவிடும் வயது அது. தரையில் கிடக்கும் சின்னஞ்சிறு துணுக்கையும் இரண்டு விரலால் பொறுக்கி எடுத்து அம்மாவிடம் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்ளும் வயது. வீடே அதைப் பார்த்து மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சி கெடாமல் இருக்கத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முன்பற்கள் கடலையை இரண்டாக உடைக்கும், அரைக்காது. அரைக்கிற கடைவாய்ப் பற்கள் எல்லாம் முளைக்க இரண்டரை வயதாகும். முளைத்த பிறகும் மென்று பழக நாளாகும். எனவே நான்கு வயது முடியும் வரை முழுக் கடலையும் வேண்டாம், உடைத்த கடலையும் வேண்டாம். பொட்டுக்கடலை, முந்திரி, மிக்சர், கடலைமிட்டாய், கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாம் இதில் சேர்த்தி. நைசாகப் பொடித்துச் சோற்றில் பிசைந்து தாருங்கள், நல்ல உணவு. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். கேரட்டை வேகவையுங்கள். சீத்தாப்பழத்தில் கொட்டைகளை எல்லாம் நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்குங்கள். பண்டிகை முடிந்த அன்று இரவே தரையைப் பெருக்கி, ஒருமுறை மண்டியிட்டுக் குழந்தையின் உயரத்திலிருந்து கட்டிலுக்கு அடியில் பாருங்கள்.

உட்காரவைத்து ஊட்டுங்கள். கிண்ணத்தோடு பின்னால் ஓடாதீர்கள். சிரிக்கிற வாயிலும் அழுகிற வாயிலும் சோறு வைக்காதீர்கள். மூக்கைப் பிடித்து மருந்து புகட்டுவதை இன்றோடு விடுங்கள்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? பலமாக இருமினால் இருமவிடுங்கள். அதைவிட நல்ல மருந்து உங்கள் கையில் இல்லை. சத்தமே வரவில்லை, அழக்கூட முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் காத்திருக்காதீர்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. திருப்பி, நெஞ்செலும்பின் மேல் 5 அழுத்தம். ஒரு வயதைத் தாண்டியவனை முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு. பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 அழுத்தம். பொருள் வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி, நெஞ்சை அழுத்தி வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்குங்கள். இதை ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். படித்தால் மட்டும் கை பழகாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் ஆழமாகப் போய்விடும். தலைகீழாகத் தொங்கவிடவும் வேண்டாம்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள மியூட்டர் மருத்துவ அருங்காட்சியகத்தில் செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் மனிதர்களின் உணவுக் குழாயிலிருந்தும் மூச்சுக் குழாயிலிருந்தும் எடுத்த 2,374 பொருட்கள் இழுப்பறைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்குக் கடலை கொடுக்காதீர்கள் என்று அவர் தன் காலத்திலேயே மன்றாடினார். அவர் மறைந்தது 1958இல்.

ஒரு மாதம் கழித்து அந்தச் சிறுவன் மறுபடி வந்தான். ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம். அவன் அதைப் பிடுங்கித் தாத்தாவின் வயிற்றில் வைத்து அழுத்தினான். தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பொட்டுக்கடலை, திராட்சை, பலூன் என்று கையால் எழுதிய பட்டியல். மேலே பெரிதாக 108. இதேபோல் இன்னொன்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறதாம். "பட்டாணியை விட்டுவிட்டீர்களே" என்றேன். என் பேனாவைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார்.