கிளிநொச்சிக்கு ஒரு ரிக்கெற்

வவுனியாவில் பஸ் ஏறுகிற ஒரு பெடியனை நினைத்துக்கொள்ளுங்கள். போகவேண்டியது கிளிநொச்சி. 'கி' தொண்டையில் சிக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும். அதனால் 'இரணைமடுச் சந்தி' என்று ரிக்கெற் எடுத்து, அங்கே இறங்கி, மிச்சத் தூரத்தை ஏ9 வீதியில் வெயிலோடு நடக்கிறான். அவன் திக்குவாய் என்பது பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது.

திக்குதல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். கூடுதலான பிள்ளைகளுக்குத் தானாகவே மாறிவிடும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு நிலைத்துவிடும். பேச்சசைவுகளை மூளை நேரம் பிசகாமல் ஓட்டுவதில் உள்ள வேறுபாடு இது. பரம்பரைக்கும் பங்குண்டு. வசம்பு தேய்த்து மாறுகிற சங்கதியல்ல.

'கி' சொல்ல, பின்நாக்கு மேலண்ணத்தை அடைத்துச் சட்டென்று காற்றை விடவேண்டும். அந்த விடுதல்தான் நடப்பதில்லை. பதற்றத்தில் அவன் இறுக்க இறுக்க, பூட்டு இன்னும் விழுகிறது. எங்கே, எவ்வளவு இறுக்கம் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் பேச்சுச் சிகிச்சையாளர் அவனைப்போலவே திக்கிப் பார்ப்பார்.

"க்... கி... சரியா, தம்பி?"

"இ... இல்லை மிஸ், இது லேசு. நாக்கின்ரை அடியை இன்னும் இறுக்குங்கோ. கண்ணையும் மூடவேணும்."

இப்போது வாத்தியார் அவன். இத்தனை வருடம் ஒளித்துவைத்ததை முதல் தடவையாக உற்றுப்பார்க்கிறான். எது முதலில் இறுகுகிறது என்று தெரிந்தால், மாட்டிய இடத்திலேயே நின்று மெல்ல இளக்கிச் சொல்லை முடிக்கலாம். இந்த வழியைப் பரப்பிய அமெரிக்கர் சார்ல்ஸ் வான் றைப்பரும் திக்கியவர்தான். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் இருவரும் கடைக்குப் போவார்கள். முதலில் திக்குவது மிஸ், அதுவும் வேண்டுமென்றே: "ப... ப... பருப்பு அரைக்கிலோ." கடைக்காரர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பருப்பை நிறுப்பார். அவ்வளவுதான். அடுத்த கடை எது, என்ன கேட்பது, எத்தனை தரம் திக்குவது எல்லாம் பெடியனின் தீர்மானம். ஒருவருக்குப் போன் கஷ்டம், இன்னொருவருக்குத் தன் பெயரே கஷ்டம். பெயருக்கு மாற்றுச்சொல் ஏது? எதற்கு எவ்வளவு பயம் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. 'மூச்சை எடுத்து ஆறுதலாகப் பேசு' என்ற உபதேசம் அறைக்குள் பலிக்கலாம், கொண்டக்டர் அதுவரை நிற்கமாட்டார்.

திக்கல் அடியோடு போய்விடும் என்று எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. எதை முன்னேற்றம் என்று எடுப்பது என்பதையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். மாதக் கடைசியில் மிஸ் கேட்பது, இந்த மாதம் இரணைமடுவில் எத்தனை தரம் இறங்கினீர் என்றுதான்.