‘மறந்துவிடு’ என்றால் மூளை கேட்குமா?

காதல் முறிந்து என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் காதலைப் பற்றிப் பேச்சை எடுப்பதில்லை. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, படிப்பில் மனம் நிற்கவில்லை என்றுதான் தொடங்குவார்கள். கூட வந்த அம்மாவோ அண்ணனோதான் விஷயத்தை உடைப்பார்கள்: “ஒரு பொண்ணுக்காக இப்படி உட்கார்ந்திருக்கான் டாக்டர், நீங்களாவது புத்தி சொல்லுங்க.” புத்தி சொல்லித் தீர்கிற விஷயமாக இருந்தால் வீட்டிலேயே தீர்ந்திருக்கும்.

ஹெலன் ஃபிஷர் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காதலில் கைவிடப்பட்டு, இன்னும் மீளாமல் தவிக்கும் 15 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்கவைத்து, விட்டுப்போனவரின் படத்தைக் காட்டினார்கள். நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனம் உற்பத்தியாகும் பகுதி சுறுசுறுப்பானது. கோகெய்னுக்கு அடிமையானவர்கள் அதற்காக ஏங்கும்போது இயங்குகிற பகுதிகள் சிலவும் கூடவே இயங்கின. மகிழ்ச்சியாகக் காதலித்துக்கொண்டிருந்த 17 பேரை 2005-ல் இதே குழு பரிசோதித்தபோதும் அந்த டோபமைன் பகுதிதான் தெரிந்தது. ஆள் போய்விட்டார், மூளையின் தேடல் போகவில்லை. 15 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் கிளினிக்கில் நான் பார்ப்பதோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதி எழுதியே குழப்பிவிட்டார்கள். அதற்கு இன்பத்தைவிட வேட்கையோடுதான் நெருக்கம் அதிகம். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை படபடவென இயங்கின. இந்த நேரத்தில் வரும் என்று பழகிவிட்ட பிறகு, சாறு வந்தாலும் கண்டுகொள்ளவில்லை. வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. இதை வைத்து ஒரு மெசேஜுக்குக் காத்திருப்பவரை யோசித்துப் பாருங்கள். திட்டவட்டமாக முடித்துக்கொண்ட உறவைவிட, பத்து மெசேஜுக்கு ஒரு ‘ம்’ வருகிற உறவிலிருந்து வெளியே வருவதற்குத்தான் ஆட்கள் அதிகம் சிரமப்படுகிறார்கள். அந்த ‘ம்’ எப்போது வரும் என்று தெரியாததுதான் பிடித்து வைக்கிறது.

ஓர் இளைஞர் வந்திருந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார். பேச்சின் நடுவே கை அதன் மேல் போகும், எடுக்கும், திரையைப் பார்க்கும், மறுபடி கவிழ்க்கும். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அவரை ப்ளாக் செய்துவிட்டார். இவர் அறை நண்பனின் ஃபோனை வாங்கி ஸ்டேட்டஸ் பார்க்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு ‘லாஸ்ட் சீன்’ பார்த்துவிட்டு, இவ்வளவு நேரம் யாரோடு பேசியிருப்பாள் என்று விடிய விடிய யோசிக்கிறார்.

அவரை மறக்கச் சொல்லவில்லை. பார்ப்பதை மட்டும் நிறுத்தலாமா என்று கேட்டேன். ராத்திரி ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். ‘நான் கெஞ்சினாலும் தராதே’ என்று நண்பனிடம் அவரே சொல்லிவைக்கட்டும். படங்களை அழிக்க மனம் வராவிட்டால் பென் டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிடலாம். முதல் சில நாட்கள் தவிப்பு குறையாது, கூடத்தான் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று மூன்றாம் நாளே பழையபடி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நம்பிக்கைக்கு அந்த 2010 ஆய்விலேயே ஒன்று இருக்கிறது: பிரிந்து அதிக நாட்கள் ஆனவர்களிடம், பிணைப்போடு தொடர்புடைய ஒரு மூளைப் பகுதியின் இயக்கம் குறைவாக இருந்தது.

மூளை ஒரு பக்கம் இருக்கட்டும், சுற்றியிருப்பவர்களிடம் வருவோம். ஒரு சாவு என்றால் துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள். காதலித்ததே வீட்டுக்குத் தெரியாது என்றால், முறிந்ததைச் சொல்லி அழ யார் இருக்கிறார்கள்? தெரிந்த வீட்டிலும் கிண்டல், இல்லாவிட்டால் ‘நான் அப்பவே சொன்னேன்’. பெற்றோர் எதிர்த்தால் காதல் இன்னும் இறுகும் என்று 1972-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது; அந்தக் கருத்து ஊரெங்கும் பரவியும்விட்டது. 2014-ல் கூடுதல் பேரிடம் மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. குடும்பமும் நண்பர்களும் ஏற்றுக்கொண்ட உறவுகளில்தான் அன்பும் பற்றும் கூடுதலாக இருந்தன. எதிர்ப்பை வைத்துக் காதலின் ஆழத்தை அளக்கும் இளம் ஜோடிகளிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்றைக் கறாராகச் சொல்லியாக வேண்டும். ‘என் மூளை அப்படி, நான் என்ன செய்ய’ என்று யாரும் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டாம் என்று சொன்னவரின் வீட்டு வாசலில் நிற்பதும், வேறு வேறு நம்பரிலிருந்து அழைப்பதும், ‘செத்துவிடுவேன்’ என்று மிரட்டுவதும் துன்புறுத்தல். தவிப்பு தானாக வருகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது தானாக நடப்பதில்லை. துரத்தினால் மனம் மாறும் என்று உசுப்பேற்றும் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அழுகை, எரிச்சல், பசியின்மை ஆகியவை சில வாரங்கள் இருப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாட வேலையே ஓடவில்லை, குடி கூடுகிறது, யாரோடும் பேச்சில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சாவைப் பற்றிய பேச்சு, பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுவது, விடைபெறுவது போன்ற மெசேஜ்கள் தென்பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம், ஆளைத் தனியே விடவும் வேண்டாம். “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இதுவரை நான் கேட்டவர்களில் பலர், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருந்திருக்கிறார்கள்.