கேம் சர்வர் திணறுகிறதா? பிளானை ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

"லேக் அடிக்குதுண்ணே, 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடட்டுமா?"

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டா முழுக்க நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். வீட்டிலோ விடுதி அறையிலோ கேம் சர்வர் நடத்தும் தம்பிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருவார்கள். மாறலாம், பணம் அவர்களுடையது. ஆனால் பாதிப் பேருக்கு மாறிய பிறகும் லேக், அதாவது ஆட்டம் திக்கித் திக்கி நகர்வது, அப்படியேதான் இருக்கும்.

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் டவுன்லோடு வேகம். சர்வர் வைப்பவருக்குத் தேவை அப்லோடு, அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம். விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய நகர்வையும் உங்கள் வீட்டு இணைப்புதான் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சில கேபிள் இணைப்புகளில் டவுன்லோடு 100 இருக்கும், அப்லோடு 10-தான் இருக்கும். வைஃபையில் பார்க்காதீர்கள், வயரை நேராக ரவுட்டரில் செருகி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சோதியுங்கள். அப்போது வருவதுதான் உங்கள் உண்மையான அப்லோடு.

அடுத்தது கணக்கு. இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள் (ஒரு எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் பிட்), கவுன்டர் ஸ்டிரைக் சோர்ஸ் மாதிரி கேம்களில் ரேட் அளவு, அதாவது ஒருவருக்கு நொடிக்கு அனுப்பும் தரவு, பைட்டில் இருக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட். எஸ்வி_மேக்ஸ்ரேட் என்ற அமைப்பில் 60000 என்று கொடுத்தால், ஓர் ஆட்டக்காரருக்கு நொடிக்கு 60,000 பைட் வரை போகலாம். 16 பேர் என்றால் 9,60,000 பைட், அதாவது 7.68 எம்பிபிஎஸ். 10 எம்பிபிஎஸ் அப்லோடுக்கு இது தாங்கும். 24 பேரை ஏற்றினால் 11.5 ஆகிவிடும், தாங்காது.

எப்போதும் அவ்வளவு போகாது என்பது உண்மைதான். ஆளுக்கொரு மூலையில் சுற்றும்போது கொஞ்சம்தான் போகும். எல்லோரும் ஒரே இடத்தில் கூடிச் சுடும்போதுதான் அனுப்ப வேண்டியது எகிறும். "நல்லாத்தாண்ணே போகுது, சண்டை வந்தா மட்டும் மாட்டுது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

இதே அமைப்பில் 0 போட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம். பலரும் தாராளமாக அதைத்தான் போட்டு வைக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தும் முறை வைக்காமல் மேல்மடையில் திறந்துவிட்டால் கடைமடை காயும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். அப்லோடில் எண்பது விழுக்காட்டை எடுத்து, 8-ஆல் வகுத்துப் பைட்டாக்கி, அதிகபட்ச ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை வரம்பாக வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நெட்டில் கிடைக்கும் சர்வர் கோப்புகளை அப்படியே ஒட்டுவது. அவற்றில் பல, மெதுவான இணைப்புகள் இருந்த காலத்தில் எழுதியவை. எஸ்வி_மேக்ஸ்ரேட் 10000 என்று இருக்கும். சர்வர் நொடிக்கு 66 முறை செய்தி அனுப்புகிறது என்று வையுங்கள். 10,000-ஐ 66-ஆல் வகுத்தால் ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது ஒருமுறை அனுப்பும் தரவுப் பொட்டலத்துக்கு, 151 பைட். அதில் முகவரிச் சீட்டு மாதிரியான ஐபி, யுடிபி தலைப்புகளுக்கே 28 போய்விடும். மிச்சமிருக்கும் 123 பைட்டில் பத்துப் பதினைந்து பேர் ஓடுவதும் சுடுவதும் எப்படி அடங்கும்? அடங்காது. சர்வர் அனுப்பாமல் நிறுத்தி வைக்கும்.

இது எந்த வகைத் தொல்லை என்று கண்டுபிடிக்க விளையாட்டிலேயே வழி இருக்கிறது. கன்சோலில் (விளையாட்டுக்குள் கட்டளை தட்டும் பெட்டி) நெட்_கிராஃப் 3 என்று தட்டினால் திரையின் கீழே சில எண்கள் ஓடும். அதில் சோக் ஏறினால், அனுப்ப விஷயம் இருந்தும் ரேட் வரம்பு தடுக்கிறது என்று பொருள். அமைப்பை மாற்றினால் தீரும். லாஸ் ஏறினால் பாக்கெட் வழியில் தொலைகிறது. அதற்கு ரேட்டை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். அப்லோடு சின்னதாக இருந்தால் நொடிக்கு எத்தனை முறை அனுப்புவது என்று சொல்லும் எஸ்வி_மேக்ஸ்அப்டேட்ரேட்டை 66-லிருந்து 33-ஆகக் குறைத்துப் பாருங்கள். பாக்கெட் எண்ணிக்கை பாதியாகும். நண்பர்களோடு ஆடுவதற்கு அது போதும் என்பது என் கருத்து. போட்டி நடத்துபவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மழைக்குப் பிறகு மட்டும் லாஸ் வந்தால் சர்வரைத் தொடவே வேண்டாம். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து ஆர்எக்ஸ் பவர், அதாவது உள்ளே வரும் ஒளியின் பலம், எவ்வளவு என்று பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம் பக்கத்தில் இருந்தால் சிக்னல் விளிம்பில் நிற்கிறது. கம்பத்தில் ஜாயின்ட் கெட்டிருக்கலாம், கேபிள் எங்காவது மடங்கியிருக்கலாம். ஆபரேட்டரைக் கூப்பிட வேண்டியதுதான்.

மைன்கிராஃப்ட் வேறு கதை. ஜாவா பதிப்பு டிசிபியில் (எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சேர்க்கும் முறை) ஓடுவதால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் பின்னால் வருவதெல்லாம் அதற்காகக் காத்திருக்கும். அங்கே முதலில் கை வைக்க வேண்டியது வியூ டிஸ்டன்ஸில், அதாவது ஆட்டக்காரரைச் சுற்றி எவ்வளவு தூரம் அனுப்புவது என்பதில். இயல்பாக அது 10. அப்படியென்றால் ஒருவரைச் சுற்றி 21-க்கு 21, மொத்தம் 441 சங்க் (உலகத்தின் சதுரத் துண்டு). 6 ஆக்கினால் 169. யாராவது இறக்கை கட்டிப் பறக்கும்போது புதுச் சங்குகளாக அனுப்பித் தள்ள வேண்டியிருக்கும்; அந்த நேரத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கம்ப்ரஷன் வரம்பு (எத்தனை பைட் முதல் சுருக்கி அனுப்புவது) 256 என்று இருக்கும், இணையம் வழியாக ஆடுவதென்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் பிங், அதாவது ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம். தஞ்சையிலிருந்து சென்னை 350 கி.மீ. என்று வைத்தாலும், ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போவதால், போய்வர 4 மில்லிநொடிகூட ஆகாது. சுற்றுவழி, இடையிலுள்ள கருவிகள் எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆனால் 300 மில்லிநொடிக்கு ஏறினால் அது தூரத்தால் வந்ததல்ல. வீட்டில் யாரோ கல்யாண வீடியோவை இணையச் சேமிப்பில் (கிளவுட்) ஏற்றுகிறார்கள், ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு பக்கம் பிங் ஓடவிட்டு, மறுபக்கம் பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்து பாருங்கள், புரிந்துவிடும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டராக இருந்தால், வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதியில் கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, 10 எம்பிபிஎஸ் அப்லோடுக்கு 9 என்று வரம்பு வையுங்கள். ஒரு எம்பிபிஎஸ் இழப்புதான், ஆனால் பிங் நிலைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வெளியூர் நண்பர் உள்ளே வர முடியவில்லை என்றால், ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது ஆபரேட்டர் பக்கமுள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் ஆபரேட்டர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து பயனில்லை. நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது சென்னையிலோ மும்பையிலோ ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும். வாடகை சர்வர்களில் பலவற்றுக்கு மாத டேட்டா அளவு உண்டு. மேலே சொன்ன 16 பேர் கணக்கு உச்சத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 3.5 ஜிபி. தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 415 ஜிபி வரை போகலாம். தாண்டினால் கூடுதல் கட்டணமா, வேகக் குறைப்பா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.