ஒகோனோமியாகி சாஸ்: கூட்டலா, பெருக்கலா?

ஒகோனோமியாகி என்னும் ஜப்பானியப் பண்டத்துக்கான சாஸ் தம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை என்றும், தக்காளி கெச்சப், வூஸ்டர் சாஸ், ஆய்ஸ்டர் சாஸ், சர்க்கரை நான்கையும் கலந்தால் அந்தச் சுவை உண்மையிலேயே வந்துவிடுமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முக்கால் பங்கு வந்துவிடும். மீதிக் கால் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அறிய நாக்கிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

கோதுமை மாவு, முட்டை, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி ஆகியவற்றைச் சூடான இரும்புத் தட்டில் தடிமனாகச் சுட்டெடுப்பது ஒகோனோமியாகி. ஒசாகாவில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவார்கள்; ஹிரோஷிமாவில் அடுக்கடுக்காக வைத்து, நடுவே நூடுல்ஸும் சேர்ப்பார்கள். போருக்குப் பிந்தைய ஹிரோஷிமாவின் தள்ளுவண்டிக் கடைகளில் இதன்மேல் ஊற்றப்பட்டது வூஸ்டர் சாஸ்தான். இங்கிலாந்தில் 1837 முதல் விற்பனையாகும் லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர் சாஸில் நம் புளியும் சேர்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. ஆனால் அது நீர்த்தது. பண்டத்தில் நிற்காமல் தட்டில் வழிந்தோடிவிடும். அந்தக் குறையைத் தீர்க்க, ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஒட்டாஃபுக்கு நிறுவனம் 1952இல் கெட்டியான ஒகோனோமியாகி சாஸைக் கொண்டுவந்தது. பேரீச்சம்பழம் அதன் இனிப்புக்கும் கெட்டித்தன்மைக்கும் கைகொடுக்கிறது. ஜப்பானியத் தர விதிகளின்படி, பாகுநிலை (எளிதில் வழிந்தோடாத தன்மையின் அளவு) 0.2 பாஸ்கல்-நொடிக்குக் கீழே இருந்தால் அது வூஸ்டர் சாஸ், 2.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் கெட்டி சாஸ். இந்த மேல் எல்லை தண்ணீரின் பாகுநிலையைப்போல் ஏறத்தாழ 2000 மடங்கு.

வீட்டில் செய்வதற்கு 4 மேசைக்கரண்டி கெச்சப், 3 மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், 2 மேசைக்கரண்டி ஆய்ஸ்டர் சாஸ், ஒன்றரை மேசைக்கரண்டி சர்க்கரை போதும். சர்க்கரை கரையும்வரை கலக்கினால் சாஸ் தயார். கெச்சப்பின் பெக்டினும் ஆய்ஸ்டர் சாஸின் மாவுப்பொருளும் கெட்டித்தன்மையைப் பார்த்துக்கொள்ளும்.

இனி சுவைக்கு வருவோம். 1908இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் கிக்குனாய் இக்கேடா, கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து அமினோ அமில வகையான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். பழுத்த தக்காளி, சோயா சாஸ், ஆய்ஸ்டர் சாஸ் எல்லாவற்றிலும் இருப்பது இதே குளூட்டமேட்தான். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, கத்சுவோபுஷி என்னும் உலர்த்திய சூரை மீனின் சுவையைத் தேடிப்போய் இனோசினேட்டைக் கண்டறிந்தார். மீன் உயிரோடு இருக்கும்போது தசையில் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. நிறைந்திருக்கிறது, அது இறந்தபின் ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து இனோசினேட்டாகிறது. அப்படியே விட்டுவிட்டால் அதுவும் சிதைந்து சுவையற்றுப் போகிறது. சரியான கட்டத்தில் மீனை வேகவைக்கும்போது சிதைக்கும் நொதிகள் செயலிழப்பதால், இனோசினேட் அங்கேயே தங்கிவிடுகிறது.

குளூட்டமேட்டும் இனோசினேட்டும் சேரும்போது நடப்பது கூட்டல் அல்ல, பெருக்கல். ஷிசுகோ யாமாகுச்சி 1967இல் சுவைப்பவர்களைக் கொண்டு அளந்து இதற்கு ஒரு சூத்திரமே தந்தார். 100 மி.லி. நீரில் எத்தனை கிராம் என்று இரண்டின் அளவையும் எடுத்து, ஒன்றோடொன்று பெருக்கி, மறுபடி 1218ஆல் பெருக்கி, அதைக் குளூட்டமேட்டின் அளவோடு கூட்ட வேண்டும். 0.05 கிராம் குளூட்டமேட்டோடு வெறும் 0.01 கிராம் இனோசினேட் சேர்ந்தால், 0.66 கிராம் குளூட்டமேட் தனியாகத் தரும் உமாமியை நாக்கு உணரும். அதாவது 13 மடங்கு! இது வெறும் நீர்க் கரைசலுக்கான கணக்கு என்பதை மறக்கக் கூடாது. புளிப்பும் இனிப்பும் உப்பும் கலந்த சாஸில் எண்கள் மாறும், ஆனால் பெருக்கல் என்னும் இயல்பு மாறாது.

ஏன் பெருக்கல்? நாக்கின் சுவை மொட்டுகளில் டி1ஆர்1, டி1ஆர்3 என்னும் இரு புரதங்கள் இணைந்த, உமாமியை உணரும் ஏற்பி இருக்கிறது. டி1ஆர்1இன் வெளிப்பகுதி ஒரு பாக்குவெட்டியைப்போல இரு மடல்களாகக் கீலில் இணைந்து, திறந்தும் மூடியும் ஆடிக்கொண்டே இருக்கிறது. மூடிய நிலையில்தான் மூளைக்குச் செய்தி போகும். குளூட்டமேட் உள்ளே கீலின் அருகே அமர்ந்து மடல்களை மூடப் பார்க்கிறது; ஆனால் இரு மடல்களின் விளிம்பிலும் நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. இனோசினேட் வந்து அந்த விளிம்பருகே ஒட்டிக்கொள்ள, அதன் பாஸ்பேட்டிலுள்ள எதிர்மின்னேற்றம் இரு பக்கத்து நேர்மின்னேற்றங்களையும் தன்பால் ஈர்த்து, மூடிய வாயைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளூட்டமேட் இல்லாவிட்டால் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. ஆகவே இனோசினேட் மட்டும் இருந்தால் நமக்கு உமாமி ஏறக்குறையத் தெரிவதே இல்லை. ஒரு சமையல் வழக்கத்துக்கு இவ்வளவு துல்லியமான மூலக்கூறு விளக்கம் கிடைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இப்போது வாசகரின் கலவையைப் பார்த்தால் குறை புரிந்துவிடும்: அதில் குளூட்டமேட் தாராளம், விளிம்பைப் பிடிக்கும் துணை மூலக்கூறு சொற்பம். ஜப்பானில் அந்த வேலையைப் பன்றி இறைச்சியும், மேலே தூவியதும் ஆவியில் நெளிந்தாடும் கத்சுவோபுஷிச் சீவல்களும் செய்துவிடுகின்றன. கடைச் சாஸிலோ இறைச்சிச் சாறு, மீன் சாறு, ஷிடாக்கே காளான் எல்லாம் முன்பே சேர்க்கப்பட்டிருக்கின்றன. சைவர்களுக்கு உலர்ந்த ஷிடாக்கே போதும். அதிலுள்ள குவானிலேட்டும் இனோசினேட்டின் உறவுதான். அதே இடத்தில் ஒட்டும். காளானின் ஆர்.என்.ஏ.வை ஒரு நொதி உடைக்கும்போது குவானிலேட் உருவாகிறது, இன்னொரு நொதி அதை அழிக்கிறது. ஆகவே வெந்நீரில் அவசரமாக ஊறவைக்காமல், இரண்டு காளான்களை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு சூடேற்ற வேண்டும். ஆக்கும் நொதி 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரையிலும் வேலை செய்யும். அந்த நீரைக் கால் பங்காகச் சுண்டவைத்துச் சாஸில் சேர்த்தால், ஆய்ஸ்டர் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றினாலும் சுவை குறைபடாது.

குவானிலேட் உட்பட்ட இந்த மூலக்கூறுகளின் கதையையும் பெருக்கல் விளைவையும் 1950களில் தெளிவாக்கிய அகிரா குனினாகா, யமாசா என்னும் சோயா சாஸ் நிறுவனத்தின் ஆய்வாளர். ஆர்.என்.ஏ. எப்படி உடைகிறது என்று ஆராயும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க நம்மூர் ஊறுகாய், மசாலா நிறுவனங்களில் எத்தனை முன்வரும் என்று கேட்கத் தோன்றுகிறது. நாம் இன்னும் குளூட்டமேட்டின் உப்பான அஜினோமோட்டோவைக் கண்டு அஞ்சுவதிலேயே நிற்கிறோம். அந்த அச்சம் 1968இல் மருத்துவர் ஒருவர் ஓர் ஆய்விதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து பரவியது; எதில் அது இருக்கிறது என்று உண்பவரும் கொடுப்பவரும் அறியாதபடி செய்யப்பட்ட சோதனைகளில், வழக்கமான உணவு அளவுகளில் அஞ்சிய உபாதைகள் சீராக வெளிப்படவில்லை. தக்காளியின் குளூட்டமேட்டையும் பொட்டலத்தின் குளூட்டமேட்டையும் நாக்கின் ஏற்பியால் வேறுபடுத்திப் பார்க்க முடியாது.

அசைவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இலங்கையிலும் நம் தென்கடலோரத்திலும் கிடைக்கும் மாசி, கத்சுவோபுஷியைப் போலவே சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியது. பூஞ்சை கொண்டு பதப்படுத்தும் கடைசிப் படிதான் அதில் இல்லை. அதை மெல்லியதாகச் சுரண்டிச் சுடச்சுடத் தூவலாம், அல்லது இடித்து வெந்நீரில் ஊறவைத்து வடித்து அந்த நீரைச் சாஸில் கலக்கலாம். மாசியில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் ஆய்ஸ்டர் சாஸை ஒரு கரண்டி குறைத்துக்கொள்வது நல்லது.