சண்டை எங்கேயோ, கட்சி திண்ணையில்

போன ஆவணியில் புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்த நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் மாமாவும் உக்ரைன் போரைப் பற்றிப் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் பிரான்சில் இருந்து வருகிறது, அந்த நாட்டு அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார், வீட்டு டிவியில் எந்நேரமும் பிரெஞ்சுச் செய்திதான். மாமா கடலூர்க்காரர், நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962இல் ஓட ஆரம்பித்தது. மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர்கள் ரஷ்ய இன்ஜினியர்களிடம் நேரடியாகக் கற்றவர்கள். "ரஷ்யாக்காரன் மெஷின் மச்சான், அம்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு" என்பது அவருடைய நிரந்தர வசனம். போர் பற்றிய வாதத்திலும் கடைசி ஆதாரமாக அதுதான் வந்து விழும்.

சொந்தக்காரப் பையன் ஒருவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். பாதி சரிந்த அடுக்குமாடி, புகை, நைட்டியோடு ஒரு பாட்டி பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார். நாற்பது நொடி இருக்கும். "பாரு, ஜனங்க இருக்கற வீடுன்னு தெரிஞ்சே அடிக்கிறான்" என்றார் பெரியப்பா. "நல்லா பாருங்க மச்சான், இது அவங்களே மேல சுட்டது கீழ விழுந்திருக்கு" என்றார் மாமா. பையன் மறுபடி போட்டான். இரண்டு பேரும் முன்பு பார்த்ததையே இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள்.

இருவருமே உக்ரைன் பக்கம் போனதில்லை. அங்கே உறவு கிடையாது, யார் ஜெயித்தாலும் இவர்கள் வீட்டு உலை ஒரே மாதிரிதான் கொதிக்கும் (சூரியகாந்தி எண்ணெய் விலை மட்டும் ஏறியது, அதற்கும் ஆளுக்கொரு பக்கத்தைத் திட்டினார்கள்). அப்புறம் எதற்கு இவ்வளவு கோபம்? செய்தியைப் பார்க்கிறோம், யோசிக்கிறோம், பிறகு பக்கம் எடுக்கிறோம் என்றுதான் எல்லோரும் நம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆராய்ச்சிகளைப் பார்த்தால் பெரும்பாலும் வரிசை தலைகீழாக இருக்கிறது. பக்கம் முதலில் வந்து உட்கார்ந்துவிடுகிறது, காரணங்களை நாம் பிறகு பொறுக்கி எடுக்கிறோம்.

இதற்கு நல்ல சாட்சி ஒரு விளையாட்டுப் போட்டி. 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு கல்லூரிகள் ஃபுட்பால் ஆடின (அவர்கள் ஊர் ஃபுட்பால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது). ஆட்டம் அடிதடியாகப் போய், பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் பையன் ஒருவனுக்குக் கால் உடைந்தது. இரண்டு கல்லூரியிலும் ஆளுக்கொருவராக இருந்த ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் ஃபிலிமை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல் கண்ணில் படப்படக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்புகள் என்று டார்ட்மவுத் மாணவர்கள் சராசரியாக 4.3 குறித்தார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் 9.8. ஒரே ஃபிலிம், இரட்டிப்புக்கு மேல் வித்தியாசம்.

அவர்கள் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. டார்ட்மவுத்தின் பழைய மாணவர் ஒருவருக்கு, தொலைவில் இருந்த ஊருக்கு, அந்த ஃபிலிமை அனுப்பிவைத்தார்கள். நம் பையன்கள் இவ்வளவு முரட்டுத்தனம் பண்ணியதாகப் பேசிக்கொள்கிறார்களே, எங்கே அது என்று அவர் தேடித்தேடிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் தென்படவில்லை. உடனே தந்தி அடித்தார்: முக்கியமான பகுதியை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, வெட்டியதை விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டுவதற்கு எங்களிடம் கருவி இருக்கிறது என்று. யாரும் எதையும் வெட்டவில்லை. அந்த மனிதர் பொய்யும் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

போர்ச் செய்தியை வைத்தும் இதைச் செய்து பார்த்தார்கள். 1982 செப்டம்பரில் பெய்ரூட்டில் சப்ரா, ஷட்டிலா பகுதிகளில் பாலஸ்தீன அகதிகள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். கொன்றது லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக்குழு, வெளியே சூழ்ந்து நின்றது இஸ்ரேல் ராணுவம். இதைப் பற்றி அமெரிக்க டிவிகளில் வந்த செய்தித் துண்டுகளை ஸ்டான்ஃபோர்டில் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூவர் மாணவர்களுக்குக் காட்டினார்கள், முடிவுகளை 1985இல் வெளியிட்டார்கள். இஸ்ரேல் ஆதரவு மாணவர்கள், இது முழுக்க இஸ்ரேலுக்கு எதிரான செய்தி என்றார்கள். அரபு ஆதரவு மாணவர்கள் அதே துண்டுகளைப் பார்த்துவிட்டு, இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்றார்கள். எந்தப் பக்கமும் சேராத ஒருவர் இதைப் பார்த்தால் நமக்கு எதிராகத் திரும்பிவிடுவாரே என்று இரண்டு தரப்புமே கவலைப்பட்டது. விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணம் குறையும் என்றுதானே நினைப்போம்? கூடுதலாக இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை, எங்கள் வீட்டில் இந்தப் போரைப் பற்றி அதிகம் படிக்கிற இரண்டு பேர் யார் என்றால் அந்தத் திண்ணைக்காரர்கள்தான்.

சரி, அந்தப் பக்கம் எங்கிருந்து வருகிறது? மனிதனுக்குப் பக்கம் எடுக்கப் பெரிய காரணமே தேவையில்லை என்பதைக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்து நாட்டு யூதர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியரிடம் கைதியாகிப் பிழைத்தவர், ஆகவே இந்தக் கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டு, நீ கூட்டிச் சொல்கிறவன், நீ குறைத்துச் சொல்கிறவன் என்று ஒரு பெயர். உண்மையில் பிரித்தது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். தன்னோடு யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு, மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடு என்றதும் தன் கூட்டத்துக்கு அதிகம் கொடுத்தார்கள். தன் கூட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த கூட்டத்தைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கட்டும் என்று கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கடலூர்தான் ஞாபகம் வந்தது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது எல்லையை எப்படி வைத்தார்கள் தெரியுமா? கோட்டையில் இருந்து பீரங்கியால் சுடுவது, குண்டு எதுவரை போகிறதோ அதுவரை கம்பெனிக்கு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர், குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஓர் ஊர் இருக்கிறது. குண்டு விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவன் இங்கிலீஷ்காரன் குடி, அந்தப் பக்கம் இருந்தவன் வேறு. இப்போதும் கடலூரில் இருந்து பஸ் ஏறி முள்ளோடை வந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. அந்தக் கோடு எப்போதோ நடந்த பிரெஞ்சு, இங்கிலீஷ் சண்டைகளின் மிச்சம், ஆனால் எங்கள் மாமா அதைத் தாண்டும்போதெல்லாம் "உங்க ஊரு" என்று ஒரு மாதிரிதான் சொல்வார்.

நாடுகள் விஷயத்தில் கோடு மட்டும் போதாது, பழைய நன்றியும் பழைய காயமும் சேருகின்றன. ஃபிரிட்ஸ் ஹைடர் என்பவர் 1946இல் சொன்னது இது: என் நண்பனின் நண்பன் எனக்கும் நண்பனாக இருந்தால்தான் மனசு நிம்மதியாக இருக்கும், எதிரியின் எதிரியும் அப்படியே, இந்தக் கணக்கு எங்காவது உதைத்தால் நாம் கருத்தை வளைத்தாவது சரிப்படுத்திக்கொள்வோம். கூட்டணி அரசியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்ல ஓர் ஆஸ்திரியாக்காரர் வேண்டியதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது அமெரிக்காவின் ஏழாவது கடற்படை வங்காள விரிகுடாவுக்கு வந்தது, ஐ.நா. பாதுகாப்பு சபையில் இந்தியாவுக்காக வீட்டோ போட்டது சோவியத். மாமா வயதுக்காரர்களுக்கு அது நேற்று நடந்த மாதிரி. போலந்தில் அதே வயது ஒருவரைக் கேட்டால் அவர் 1939 செப்டம்பர் 17ஐச் சொல்வார், அன்றுதான் சோவியத் படை கிழக்கில் இருந்து உள்ளே வந்தது. அடுத்த வருஷம் காட்டின் (Katyn) என்ற ஊர்க் காட்டில் போலந்து அதிகாரிகளை ஆயிரக்கணக்கில் சுட்டுப் புதைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கேட்டால், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது மாஸ்கோ என்பார்கள். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்து வாக்கெடுப்பு நடந்தபோது 141 நாடுகள் ஆதரவு, 5 எதிர்ப்பு, 35 நாடுகள் எந்தப் பக்கமும் போடவில்லை. அந்த 35இல் தென்னாப்பிரிக்காவும் உண்டு, எதிலுமே ஒத்துப்போகாத இந்தியாவும் பாகிஸ்தானும் உண்டு. எண்ணெய், ஆயுதம், வியாபாரம் என்று அரசுகளுக்கு வேறு கணக்குகள் இருக்கின்றன, ஆனால் ஒரு நெய்வேலிக்காரரின் கோபத்துக்குப் பெட்ரோல் கணக்கு காரணம் என்று நான் நம்பவில்லை.

இதைவிடக் கச்சிதமான உதாரணம் பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்தின் அந்த ஊரில் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிறவர்கள் தெருக்களில் பாலஸ்தீனக் கொடி பறக்கும். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிறவர்கள் தெருக்களில் இஸ்ரேல் கொடி. காஸாவில் இருந்து ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில், ஒரே மழையில் நனைகிற இரண்டு தெரு. சொந்த ஊர்ச் சண்டையைத் தூரத்துச் சண்டைக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். யார் ஆண்டவன், யார் ஆளப்பட்டவன் என்ற பழைய கேள்விக்கு அங்கே வேறு ஆட்கள் நடிப்பது போல.

அப்புறம் தேதி. எந்தப் போரையும் எந்த நாளில் இருந்து சொல்ல ஆரம்பிக்கிறோம் என்பதில் பாதித் தீர்ப்பு முடிந்துவிடும். உக்ரைனை ரஷ்யப் படை நுழைந்த 2022 பிப்ரவரி 24இல் ஆரம்பித்தால் ஒரு கதை, கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட 2014இல் ஆரம்பித்தால் ஒரு கதை, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணி கிழக்கே விரிந்த 1990களில் ஆரம்பித்தால் இன்னொன்று. காஸாவை ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7இல் ஆரம்பிப்பவரும் இஸ்ரேல் உருவான 1948இல் ஆரம்பிப்பவரும் ஒரு நாளும் ஒத்துப்போக மாட்டார்கள். தெருக் குழாயடியில் "மொதல்ல யாருடி ஆரம்பிச்சது" என்று கேட்கும் அதே கேள்விதான்.

சொற்களும் அப்படியே. போராளியா, பயங்கரவாதியா என்று வரும்போது தமிழ் படிக்கிற யாருக்கும் ஈழம் ஞாபகம் வராமல் இருக்காது. நம் சொந்த நாட்டுப் படை விஷயத்திலேயே இரண்டாக நின்றோம்: 1990 மார்ச்சில் இலங்கையில் இருந்து இந்திய அமைதிப்படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. டெல்லியில் அது பெரிய குற்றமாகப் பேசப்பட்டது, இங்கே பலருக்கு அது சரியாகவே பட்டது. பாஸ்போர்ட் ஒன்றுதான்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர்களுக்கு ஜெர்மானியன் எதிரி. அதே போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. ஜனங்கள் பயந்து ஊரைவிட்டே ஓடினார்கள். ஆனால் பிறகு என்ன ஆயிற்று? வெள்ளைக்காரனையே ஆட்டி வைத்த அந்தக் கப்பலின் பெயர் தமிழில் பாதிப் பாராட்டாகத் தங்கிவிட்டது, "அவன் சரியான எம்டன்" என்று. இரண்டாம் போரில் இன்னும் குழப்பம். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு இங்கிருந்த கவர்னர் போன்வேன், ஜெர்மனியை விடாமல் எதிர்த்த தளபதி டி கோல் பக்கம் சேர்ந்தார், அதே பிரான்சின் இந்தோசீனாவோ ஹிட்லரோடு சமரசம் செய்த விஷி அரசோடு நின்றது. பிரிட்டிஷாரை எதிர்த்துவிட்டு இங்கே அடைக்கலம் வந்த அரவிந்தரே அந்தப் போரில் பிரிட்டனை வெளிப்படையாக ஆதரித்தார். மலேயா தோட்டங்களில் இருந்த தமிழர்களோ 1943இல் ஜப்பானோடு கைகோத்த நேதாஜியின் படையில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். எல்லோரிடமும் நியாயமான காரணம் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாப் பக்கமும் சமம் என்று நான் சொல்வதாக யாராவது கிளம்புவார்கள். அந்தப் பாட்டி வீட்டில் விழுந்தது யாருடைய குண்டு என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, சிதறிய துண்டுகளில் உள்ள எண்ணையும் குழியின் கோணத்தையும் வைத்துப் பல சமயம் அதைக் கண்டுபிடித்தும் விடுகிறார்கள். மேலே சொன்ன உளவியல் எல்லாம் திண்ணைக்குத்தான் பொருந்தும், குழிக்குப் பொருந்தாது.

எழுதி முடித்ததும் இருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். பெரியப்பா பாதியிலேயே நிறுத்தி, "நெய்வேலிக்கு இவ்ளோ எழுதியிருக்க, பிரான்சுக்குப் பென்ஷன் மட்டும்தானா? உங்க மாமா சொல்லி எழுதினியா?" என்றார். மாமா முழுசாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "காட்டின் காடெல்லாம் வந்திருக்கு, ஏழாவது கடற்படை ஒரு வரியில முடிஞ்சிருச்சு" என்றார். "நடுவுல ஏதாவது விட்டுட்டு வாசிச்சியா?"