யூரியா மலிவு, புகையான் மருந்து மலிவில்லை

இந்த வாரத்தில் இது நாலாவது ஆள். நெல் தூரைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "போன வாரம் வரைக்கும் கருகருன்னு இருந்துச்சு சார். இப்ப நடுவயல்ல வட்டம் வட்டமா தீய்ஞ்சு கிடக்கு." தூரின் அடியைப் பிரித்தேன். புகையான், பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, தட்டினால் உதிர்கிறது. யூரியா? ஏக்கருக்கு ஐந்து மூட்டை. பொட்டாஷ்? சிரித்தார்.

கருகருவென்று இருப்பது செழிப்பு இல்லை ஐயா, எத்தனை தடவை சொல்வது! யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை கறுக்கும், தண்டு கொழகொழவென்று ஆகும், தூர் அடைத்துக்கொண்டு அடியில் வெயிலும் காற்றும் படாது. பூச்சிக்கு அதுதான் பந்தி. குலைநோயும் அங்கேதான் முதலில் இறங்கும். பக்கத்து வயல்காரர் பயிர் நம்முடையதைவிடக் கறுப்பாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு மூட்டை பிரிப்பவர்களை என்ன சொல்வது?

சம்பா ரகத்துக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து, நான்கு தவணையாக. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து; மூன்று மூட்டைக்குள் கணக்கு முடிந்துவிடும். இவர் போட்டது 100 கிலோவுக்கும் மேல். பயிர் எடுத்ததுபோக மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கிணற்றுக்குப் போகிறது, ஒரு பங்கு காற்றில் போகிறது.

விவசாயியை மட்டும் திட்டிப் பயனில்லை. 2010-இல் மத்திய அரசில் மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாஷ்) உரங்களுக்கு மானியத்தை நிர்ணயித்து விலையைச் சந்தையிடம் விட்டார்கள்; யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்தார்கள். மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்துள்ள டிஏபி உரம் 1,350 ரூபாய். கை எதை நோக்கிப் போகும்? (கடையில் யூரியாவோடு வேறு எதையாவது தலையில் கட்டுவது தனிக்கதை.)

சரி, செய்ய வேண்டியது. மண் பரிசோதனை இல்லாமல் அடியுரம் வேண்டாம். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள். புகையான் தெரிந்தால் முதலில் தண்ணீரை வடியுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள், அது புகையானைப் பெருக்கிவிடும். பொட்டாஷைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மேலுரத்துக்கு முன்னால், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்கிப் பத்து இலை பாருங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு அட்டையில் 3-ஆம் எண், மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே இருந்தால் போடலாம். சந்தேகமா, எனக்குப் போன் பண்ணுங்கள். மூட்டையைப் பிரித்த பிறகு அல்ல, முன்னால்.