இலையை மட்டும் பார்த்து அவுரி என்று அரைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு பை நிறையக் காய்ந்த இலை என் மேசைக்கு வந்துவிட்டது. பாலாற்றங்கரையில் பறித்ததாம். "அவுரிதானே சார்? பூசியும் முடி கருக்கவே இல்லை" என்றார் கொண்டுவந்தவர். எப்படிக் கருக்கும்? அது கொழுஞ்சி. வயலில் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிறோமே, அதே கொழுஞ்சி! குடியாத்தத்திலிருந்து வந்தாலும் ஆம்பூரிலிருந்து வந்தாலும் இதே குழப்பம்தான்.

"இலை ஒன்றுபோல இருக்கிறதே, ஒரே இனமாகத்தானே இருக்கும்?" என்கிறார்கள். இல்லை. இலை ஒத்திருந்தால் உறவு என்று ஆகிவிடாது. வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ப இலையும் தண்டும் எளிதில் உருமாறும். சப்பாத்திக்கள்ளியும் சதுரக்கள்ளியும் முள்ளும் சதையுமாக நிற்கின்றன. பூத்தால்தான் குடும்பமே வேறு என்று தெரியும்.

அவுரி, கொழுஞ்சி இரண்டும் அவரைக் குடும்பம்தான். ஆனால் அதற்குள் கிளைகள் வேறு. அவுரிக்கு நெருங்கிய சொந்தம் நம் கொத்தவரை. கொத்தவரைக்கு ஓர் இலையில் மூன்றே சிற்றிலை (ஒரே காம்பில் சேர்ந்த குட்டி இலைகள்). பார்வைக்கு ஒட்டே இல்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அவுரி, கொத்தவரை இரண்டின் இலையிலும் உள்ள நுண்ணிய மயிர் நடுவில் ஒட்டி, இருபுறமும் கை நீட்டி, இலையோடு படிந்து கிடக்கும். மகரந்தப்பை நுனியில் ஒரு சிறு கூரும் இரண்டுக்கும் உண்டு. கொழுஞ்சியின் மயிரோ அடியில் ஒட்டிய ஒற்றை மயிர். அதன் நெருங்கிய உறவு புங்க மரம்! மரபணு ஆய்வும் இதையே உறுதிசெய்கிறது.

மயிரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. துத்தி இலையிலும் நட்சத்திர மயிர், நம் இலவம்பாடி முள் கத்திரியிலும் நட்சத்திர மயிர். பூவைப் பிரித்தால் துத்தியில் மகரந்தத்தாள்கள் ஒரே குழலாக இணைந்திருக்கும். கத்திரியில் ஐந்தும் தனித்தனி, மகரந்தப்பை நுனியில் துளை. மயிரையும் பூவையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

லென்ஸ் இல்லையா? சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுங்கள். கொழுஞ்சி அம்புமுனை போலக் கிழியும். காயையும் பாருங்கள்: கொழுஞ்சிக்குத் தட்டை, அவுரிக்கு மெல்லிய உருளை. கொழுஞ்சிப் பூங்கொத்து கிளை நுனியிலும் இலைக்கு எதிரிலும் நீண்டு நிற்கும். அவுரியில் இலைக்கக்கத்தில் குட்டையாக இருக்கும்.

தயவுசெய்து இலையை உருவிக்கொண்டு வராதீர்கள். பூவும் காயுமுள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். பூக்காத செடியென்றால் பூக்கும்வரை பொறுத்திருங்கள்; அதுவரை அம்மியில் ஏற்ற வேண்டாம்.